ஒழுகாத இறக்கை

எது ஒழுகினாலும் எனக்குப் பிடிக்காது, சார். வீட்டில் குழாய் சொட்டினால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை. கல்யாணமான புதிதில் என் மனைவி இதைத் தன் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெருமைதான் என்னை அவருடைய விமானத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

மச்சான் பல் டாக்டர். ஊரார் வாயையே பார்த்துச் சலித்துப்போய், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டார். கட்டினார் என்பது அவர் பேச்சு. இறக்கைகளைக் கட்டியது நான். அவை தகரமில்லை, கண்ணாடியிழைத் துணியும் பிசினும். படகு பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் இரண்டும் எனக்குக் கைவந்தவை. பெட்ரோலுக்கென்று தனி டேங்க் கிடையாது, இறக்கையின் வயிறுதான் டேங்க்.

ஒருநாள் இடது இறக்கையின் அடியில் பெயின்ட் கொப்பளித்தது. தொட்டால் பெட்ரோல் வாடை. சொந்த விமானம் ஓட்டுகிறவர்களின் மன்றத்தில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். மச்சான் அந்த ஈரத்தில் கட்டைவிரலை வைத்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா, எங்க வீட்டு மாப்பிள்ளையோட கைவேலை. இனிமே இவருக்குப் பேரு சொட்டு.”

மன்றத்துச் செயலாளர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அன்றிலிருந்து நான் சொட்டு. வாசலில் நிற்கும் காவலாளிகூட “வாங்க சொட்டு சார்” என்பார், மரியாதை குறையாமல். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை என் மனைவியே அண்ணனிடம் போனில் “சொட்டு குளிக்கிறாரு” என்றாள். அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஒழுக்கை அடைக்க முறையான வழி ஒன்றுதான். இறக்கையின் அடியில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, ஓட்டையைத் தேடிப் பிடித்து, சுற்றிலும் சுரண்டி, புதுத் துணியும் பிசினும் வைத்து மூட வேண்டும். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை.

“என் பெயின்ட்ல கத்தி வெச்சே, தங்கச்சி புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன். வேற வழி பாரு.”

வேறு வழியும் இருந்தது. டப்பாவில் ஒரு பூச்சுத் திரவம் வருகிறது. இறக்கையைக் கழற்றி, உள்ளே அதை ஊற்றி, தொட்டிலை ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் சாய்த்தால் உட்புறமெங்கும் தோலாகப் படிந்துவிடும். இடது இறக்கைக்கு அப்படியே செய்து, காய்ந்ததும் டேங்க் வாய்களையெல்லாம் அடைத்து, ஒரு துளையில் மட்டும் ஊதிய பலூனை மாட்டினேன். காற்று கசிந்தால் பலூன் சுருங்கிவிடும். மறுநாளும் அது கொழுகொழுவென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார்.

டப்பாவின் மேல் ஒரு எச்சரிக்கை இருந்தது. ஆல்கஹால் கலந்த பெட்ரோல் பட்டால் பூச்சு உரியும். மச்சானோ தெருமுனை பங்க்கில் காருக்குப் போடுவதையே கேனில் பிடித்து வருகிறவர். அதில் ஆல்கஹால் உண்டு. டப்பாக்காரன் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப முடியுமா? பூச்சுத் தடவிய துண்டு ஒன்றை அந்தப் பெட்ரோலில் போட்டு, கண்ணாடி ஜாடியை மூடிப் பின்பக்கச் சன்னலில் வைத்தேன். சில நாளில் பூச்சு பாலாடைபோல் ஏடு ஏடாக உரிந்து மிதந்தது. மனைவி பார்த்துவிட்டாள்.

“என்னங்க இது கருமம்?”

விளக்கினேன். விளக்குவது எனக்குப் பிடிக்கும்.

“அய்யோ, அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

அது பொய்யில்லை. சொல்வதாகத்தான் இருந்தேன். மறுநாள் அதற்காகவே விமானம் நிற்கும் கொட்டகைக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே மச்சான், “சொட்டு வந்தாச்சு, தரையில துணி விரிங்கப்பா” என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு டப்பாவை எடுத்தேன். அதில் மீதி இருந்தது. வலது இறக்கைக்கும் ஊற்றினேன்.

வலது இறக்கை ஒழுகவே இல்லையே என்கிறீர்கள். உண்மைதான். ஒன்றுக்குப் பூசி மற்றதை விட்டால் அரைகுறை வேலையாகிவிடும். ஒரு டேங்க் அடைத்துக்கொண்டால் இன்னொன்றுக்கு மாற்றித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதும் எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

இறக்கைகளை மாட்டி, இரண்டிலும் பெட்ரோல் நிரப்பி, விமானம் சில நாள் கொட்டகையிலேயே நின்றது. அது பறந்த அன்று கூடப் போவதாக இருந்தது என் மனைவி. கிளம்பும் நேரத்தில் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அவளைத் தேடச் சொல்லிவிட்டு நான் மட்டும் வந்தேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கு மறதி அதிகம்.

காலி இருக்கையில் செயலாளர் ஏறிக்கொண்டார். அவரைக் கூப்பிட்டது மச்சான். நான் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்.

“சொட்டு, இனிமே ஒழுகாதுல்ல?”

“ஒழுகாது, மச்சான்.”

மரங்களைத் தாண்டியதும் இன்ஜின் இருமியது. உரிந்த ஏடு டேங்க் வாயின் சல்லடையில் ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டிருக்கும். மச்சான் உடனே மற்ற டேங்குக்கு மாற்றியிருப்பார், கெட்டிக்காரர். அங்கேயும் அதே கதை. பிறகு சத்தமே இல்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்க இன்ஜின் ஏன் நின்றது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர்கள் இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மனைவி இப்போது என்னோடு பேசுவதில்லை. அந்த ஜாடியையும் சன்னலிலிருந்து எடுக்க விடுவதில்லை.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். ‘எரிபொருள் கசிவு காரணமாக இருக்கலாம்’ என்று உங்கள் விபத்து அறிக்கையில் முதலில் எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். விழுந்த வயலுக்கு முதலில் ஓடியவன் நான். விமானத்தின் மூக்கு மண்ணில் புதைந்திருந்தது, இறக்கைகள் அப்படியே இருந்தன. உள்ளிருந்து மச்சான் என்னைக் கூப்பிட்டார், என் சொந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். நான் முதலில் இறக்கையின் அடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். விரல் காய்ந்தே இருந்தது, சார்.