பத்தடி வெள்ளைச் சுவர்

“போன வாரம் என் பங்குச் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்தேன்” என்று எதிர் சீட்டு வேட்டிக்காரர் சொன்னதும் நான் பத்திரிகையை இறக்கினேன். எழுபதுகளில் ஒரு காலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

“கம்பெனிச் சுவத்துக்கா மாமா?” என்றான் அவர் கூட வந்த மச்சினன். “பத்து ரூபா ஷேரு நாலு ரூபாய்க்கு வந்துகீது. ரெண்டு வருசமா டிவிடெண்ட் இல்ல. வித்துடுங்கன்னா, சுண்ணாம்பு அடிச்சிக்கினு கீறீங்க!”

“ஒரு போகம் வெளையலன்னா நெலத்த விப்பியா? என் நூறு ஷேருக்குக் கெழக்கால சுவத்துல பத்தடி வருது. வாச்மேன்தான் அளந்து குடுத்தான்.”

“அவன் இன்னா சர்வேயரா?”

“அவனுக்கும் ரெண்டு ஷேரு கீதுப்பா. கேட்டுப் பூட்டு அவனுது.”

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். அப்போது ரயில் அந்தக் கம்பெனியைத் தாண்டியது. நீளமான அழுக்குச் சுவரில் பத்தடி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவன் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கவரைப்பேட்டை வந்ததும்தான் உட்கார்ந்தான்.

“என் அம்பது ஷேரு எங்க வருது மாமா?”

“கக்கூஸ் பக்கம்.”

“இன்னும் ஒரு அம்பது வாங்கினா கேட்டாண்ட வந்துடலாமா?”