சத்தம் போடாமல் கிளம்பிய கார்

காரின் கம்ப்யூட்டருக்கே கிறுக்குப் பிடிக்க வைத்த ஒரே ஓய்வூதியக்காரன் இந்த உலகத்தில் நான்தான். நம்ப மாட்டீர்கள். என் மருமகளும் நம்பவில்லை.

அவள் மெக்கானிக். வீட்டு முகப்பில்தான் ஒர்க்‌ஷாப். வயரிங் வேலை என் மகன் பார்க்கிறான். எனக்கு மட்டும் ஸ்டீயரிங்கைத் தொடத் தடை. யாருடைய கேட்டையோ இடித்தேனாம். கேட்டைத் திறந்து வைக்காதது என் குற்றமா?

ஒரு தலைமையாசிரியையின் பழைய கார் ஆயில் மாற்ற வந்தது. வேலை பிடித்துப்போனால் பள்ளி வேன்கள் அத்தனையும் எங்களிடம் வரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீடே கண்ணயர்ந்தது. சும்மா நிற்பது காரின் உடம்புக்கு ஆகாது. ஆனால் ஸ்டார்டர் உறுமினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஆகவே சாவியைப் பாதி திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி வாசல் சரிவில் உருட்டினேன். தெருமுனையில் கிளச்சை விட்டதும் என்ஜின் பூனைக்குட்டி போல எழுந்துகொண்டது. நன்றாகக் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டருக்கு இது பொறுக்கவில்லை. ஸ்டார்டரிலிருந்து சிக்னலே வராமல் என்ஜின் எப்படி ஓடலாம் என்று எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டது. மருமகள் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து ஸ்டார்டரின் ரிலேயை மாற்றினாள், விளக்கு அணைந்தது. மறுநாள் நான் போய்வந்தேன், எரிந்தது. வயரை மாற்றினாள், சாவி சுவிட்சை மாற்றினாள். நான் கூடவே நின்று டார்ச் பிடித்தேன். உதவாக்கரை என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது.

கடைசியில் பழி மகன்மேல் விழுந்தது. "ஒரு வயரை ஒழுங்கா முறுக்கத் தெரியல, நீங்கல்லாம் ஒரு வயர்மேன்" என்றாள். அவன் கண் கலங்கிவிட்டது. முதுகைத் தடவிக்கொடுத்து, "இனிமேலாவது கவனமா இருடா" என்று புத்தி சொன்னேன்.

இன்று தலைமையாசிரியையே வந்துவிட்டார். "இப்பவும் சரியாகலைன்னா வேனெல்லாம் வேற இடம் பார்க்கணும்மா."

மருமகள் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான், பெருந்தன்மையோடு, நடந்ததைச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பிள்ளையக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க மாமா. மாடிப்படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது."

"சரிவுல இறங்க மூச்சு எதுக்கும்மா? ஏறு."

எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு, ஸ்கேனரை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை பின் சீட்டில். உருட்டினேன், கிளச்சை விட்டேன். என்ஜின் எழுந்தது. ஸ்கேனரில் அதே கோளாறு வந்து உட்கார்ந்தது.

"வண்டிமேல குத்தமில்லம்மா. வேனெல்லாம் இங்கயே அனுப்பறேன்" என்றது பின் சீட்டு. "இவரை மட்டும் கட்டிப் போடு."

பாராட்டு கேட்ட உற்சாகத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றினேன். மருமகள் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"ஒத்துக்கறேன் மாமா, நீங்கதான் பண்ணீங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."