எண் பொருந்திய துப்பாக்கி

பழைய பொருளைத் துடைக்கக் கூடாது, ஐயா. கண்ணாடியில் ஒரு விரல் ரேகை பட்டால்கூட என் மனைவி துணியோடு ஓடி வருவாள். என் துப்பாக்கி அலமாரிப் பக்கம் மட்டும் அவளை நான் விட்டதே இல்லை. ஐம்பது வருஷத்துக் கைக்கறையையும் துருவையும் துடைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்பு. அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டது ஹார்லன் ஸ்டாஃபரைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

என்னிடம் இருப்பது போரில் ஜெர்மன்காரன் கீழே போட்ட மௌசர் துப்பாக்கி. குழாய், மரக்கட்டை, திருகாணி வரை எல்லாவற்றிலும் ஒரே எண், 7316. போல்ட்டில் மட்டும் வேறு எண். போல்ட் என்றால் தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற தாழ். சரணடைந்தவர்களின் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும் போல்ட்டுகளை இன்னொரு குவியலாகவும் போட்டுவைத்தது நம் அமெரிக்கப் பட்டாளம். ஊருக்குக் கிளம்பும்போது பையன்கள் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் துப்பாக்கியின் போல்ட் எவன் வீட்டிலோ கிடக்கிறது என்ற நினைப்பு என்னை நிம்மதியாகத் தூங்கவிட்டதில்லை. பென்சில்வேனியா முழுக்கச் சந்தை சந்தையாக அலைந்தேன்.

அது எங்கள் வேட்டைக் குடிலிலேயே இருந்தது. வருஷா வருஷம் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடும் ஹார்லனின் துப்பாக்கியில். போரிலிருந்து அவனே கொண்டுவந்த மௌசர்தான். ஆனால் கட்டையை அறுத்துக் குட்டையாக்கி, பளபளவென்று வார்னிஷ் அடித்து வைத்திருந்தான், மகாபாவி. அந்த மாதிரி அலங்கோலத்தை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

குடிலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் அவரவர் போல்ட்டைக் கழற்றிக் கதவோரம் உள்ள தகரத் தட்டில் போட வேண்டும். குண்டு போட்ட துப்பாக்கியோடு யாரும் விளையாட முடியாது. மாறிப்போகாமலிருக்க ஆளுக்கொரு அடையாளம். ஹார்லனுடையதில் ஒரு சிவப்புப் பொட்டு, அவன் மகள் நோரீன் பள்ளிக்கூடம் போன காலத்தில் தன் நகப்பூச்சால் வைத்தது. போன வருஷம் என்னுடையதை எடுக்கும்போது அவனுடையது புரண்டது. மங்கலாக, 7316. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொடுக்க மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் கதையே வேறு.

"அட, இந்தத் துருப்பிடிச்சதுக்கா இவ்வளவு தவிச்சே? எடுத்துக்கோடா. அடுத்த சீசன்ல ஒரு மான் அடிச்சிட்டுத் தரேன்."

"இப்பவே வேற ஒண்ணு மாத்திக்கலாமே, ஹார்லன்."

"என்னடா அவசரம், முகூர்த்தமா தவறிப்போகுது? இப்படியே தரவும் மாட்டேன். கம்பி நார் போட்டுத் தேச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கி, கிறிஸ்துமஸுக்குக் கையில குடுக்கறேன். பாத்து அசந்துபோயிடுவே."

"தேய்க்காதே. உன் கால்ல வேணா விழறேன்."

"கூச்சப்படாதே மெர்ல். உனக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்யப்போறேன்?"

எண் ஏற்கெனவே பாதி போயிருந்தது. இன்னொரு தேய்ப்பைத் தாங்காது. வருஷம் பூராவும் சொல்லிப் பார்த்தேன், அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நல்ல மனுஷன், ஐயா. அவன் நல்லவனாக இருந்ததுதான் எனக்கு வழியில்லாமல் செய்தது.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் பிற்பகல் எல்லோரும் விறகு பிளக்கப் போயிருந்தார்கள். என் பழைய போல்ட்டில் நானும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொண்டுபோயிருந்தேன். மருந்துக்கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய நகப்பூச்சு. நிறம் மங்கட்டும் என்று வெயிலில்கூட வைத்தேன். தட்டில் மாற்றிப் போட எவ்வளவு நேரமாகும்.

ஒரு துப்பாக்கியில் வேறு போல்ட்டை மாட்டினால் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அதிகமாக இருந்தால் வெடிப்பு முன்னால் போகாது, சுடுகிறவன் முகத்துக்கு வரும். நான் எதிலும் அசட்டையாக இருப்பவன் இல்லை. அவன் துப்பாக்கியில் என் போல்ட்டை மாட்டி அளந்து பார்த்தேன். அளவுகோல் உள்ளே இருக்கும்போது பூட்டவே கூடாத போல்ட், சுகமாகப் பூட்டிக்கொண்டது. இடைவெளி அதிகம் என்று அர்த்தம். அளவுகோலைத் துடைத்து உறையில் வைத்தேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் போல்ட்டைத் திருப்பிக் கேட்பான், தேய்ப்பான்.

விடியற்காலையில் பன்றிக்கறி வறுவலும் முட்டையும் சாப்பிட்டோம். ஹார்லன் தன் தட்டிலிருந்து எனக்கு ஒரு துண்டு எடுத்துப் போட்டான். "மேற்கு மேட்டுல நீ நில்லுடா. மான் அங்கதான் வரும். நான் எங்கேயாவது நின்னுக்கறேன்" என்று நல்ல இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பனியில் இறங்கிப் போனான். வெளிச்சம் வந்ததும் ஒரே ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர், "ஹார்லன் அடிச்சிட்டான்யா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சத்தத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியும். கோட்டுப் பைக்குள் என் கை 7316-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு நோரீன் அவள் அப்பாவின் வேட்டைத் தொப்பியை எனக்குக் கொடுக்க வந்தாள். வந்த பெண்ணுக்கு அலமாரியைத் திறந்து காட்டினேன். யாரிடமாவது காட்டத்தானே வேண்டும். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மெர்ல் அங்கிள், இது நான் வச்ச பொட்டு. வால் மாதிரி இழுத்துக்கிச்சுன்னு அப்பா கேலி பண்ணுவாரே."

அந்தப் பொட்டை ஏன் சுரண்டிவிடவில்லை, சுரண்டியிருந்தால் தப்பித்திருப்பீர்களே என்று நேற்று கேட்டீர்கள். சுரண்டினால் அடியில் இருக்கும் கருநீல மெருகு போய்விடும், ஐயா. அது என்னால் ஆகாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியது நான். அளந்தது நான். தெரிந்தே அவனைப் பனியில் அனுப்பியதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு புகாரையும் எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் ஆள் எவனோ, சாட்சிப் பொருளுக்கு அடையாளம் என்று, என் போல்ட்டில் 7316-க்குப் பக்கத்திலேயே ஊசியால் ஒரு எண்ணைக் கீறி வைத்திருக்கிறான். ஒரு போரையே தாண்டிப் பிழைத்து வந்த பொருள், ஐயா. மனசாட்சி உள்ளவன் செய்கிற காரியமா அது?