எருக்கு முளைத்த வீடு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் பெருமை பொங்கச் சொன்னார்:

“எங்க வூட்டு எருக்கஞ்செடில மறுபடியும் புழு வந்துடுச்சிக்கா!”

“எருக்கா? வூட்டுல எருக்கு மொளச்சா குடும்பம் வெளங்காதும்பாங்களே?”

“மாமியாரும் அதத்தான் சொன்னாங்க. பட்டாம்பூச்சிக்குன்னு நான் வச்சத மூணு தடவ வெட்டிப் போட்டாங்க. நாலாந்தடவ, இந்த வெயில்ல, தண்ணி ஊத்தாமலே தழச்சிது. போன மாசம் அவுங்க கண்ணு முன்னாடியே கூட்டுலேருந்து பட்டாம்பூச்சி வெளிய வந்து பறந்துச்சி.”

“அப்புறம்?”

“நேத்து பக்கத்து வூட்டம்மா புள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கம்பூ கேட்டு வந்தாங்க. மாமியார் வாசலாண்டயே மறிச்சிட்டாங்க. ‘புள்ளையாருக்கு அருகம்புல்லே போதும். இது எங்க வூட்டுப் புழுங்களுக்கு’ன்னுட்டாங்க!”