தேயாத முன்பிரேக்

இடம்: பெல்மதுளைச் சந்திக்கு அருகிலுள்ள ஒரு கராஜ். உரையாடுவோர்: மளிகைக்கடை முதலாளி ராஜதுரை, அவருடைய துணைவியார் விஜயகலா, கராஜ் உரிமையாளர் மதுசன்.

மதுசன்: ...அப்ப சத்தம் பின்னாலதானே, முதலாளி?

ராஜதுரை: பின்னாலதான். பிரேக் பிடிச்சா கீச்சுனு ஒரு கத்து. பன்னி அறுக்கிற மாதிரி.

விஜயகலா: பன்னியாவது ஒரு தடவ கத்திட்டு ஓயும். இது பங்களா வளைவுல தொடங்கி சந்தி வரைக்கும் கத்துது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க எல்லாம் முதலாளி வர்றாருன்னு ஒதுங்கி நிக்கிறாங்க.

ராஜதுரை: அது மரியாதை.

விஜயகலா: ஆமா, அவங்கவங்க உசுருக்குக் குடுக்கிற மரியாதை.

மதுசன்: காலையில மட்டுமா கத்துது? மழை ஈரத்துல பிரேக் ட்ரம் துருப்பிடிச்சிருந்தா, ரெண்டு தடவ பிரேக் பிடிச்சதும் போயிரும்.

ராஜதுரை: காலையில மட்டுந்தான்...

விஜயகலா: நாள் பூரா.

ராஜதுரை: கலா, வண்டி ஓட்டுறது நானா, நீயா?

விஜயகலா: நீங்கதான். நான் பக்கத்து சீட்டுல உக்காந்து சாமி கும்புடுறவ.

மதுசன்: ஹரி ஹரி, சரி விடுங்க, சண்டை வேணாம். டீ சொல்லவா?

விஜயகலா: அவருக்கு சீனி போடாம.

ராஜதுரை: டீயெல்லாம் வேணாம். சீக்கிரம் பாரு. நாளைக்கு மக பிரஷாந்தினிக்கு ரத்தினபுரி ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க. பேத்தி முதல் முதலா வீட்டுக்கு வர்றா. என் வண்டியிலதான் வரணும்.

விஜயகலா: வேன் பிடிச்சிக்கலாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்...

ராஜதுரை: வாகனம் உள்ள குடும்பத்திலே பிறந்த குழந்தை வாடகை வேனிலே வருவதா? ஊர் என்ன சொல்லும்?

விஜயகலா: பாத்தியா மதுசன், மேடை ஏறிட்டாரு. கோயில் தலைவரானதுல இருந்து இப்படித்தான். பயம் வந்தா புத்தகத் தமிழ் வந்துரும்.

ராஜதுரை: யாருக்குப் பயம்?

மதுசன்: முதலாளிக்கா பயம்? போன தீமிதியில எல்லாரும் குடுகுடுன்னு ஓடினாங்க. இவரு மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தணல்ல நடந்தாரே! அதப் பாத்துத்தானே தலைவராக்கினாங்க.

ராஜதுரை: அது அம்மன் குடுத்த பலம்.

விஜயகலா: ...ம்.

மதுசன்: ட்ரம்மக் கழட்டிட்டேன். முதலாளி, இங்க வாங்க... அனே, ஐயோ! பிரேக் லைனரப் பாருங்க. கண்ணாடி மாதிரி மினுங்குது. ட்ரம் சூட்டுல நீலம் பூத்திருக்கு.

ராஜதுரை: நீ போட்ட சாமான் அப்படி. சித்திரை வருஷப் பிறப்புக்குத்தானே மாத்தின?

மதுசன்: சாமான்ல குத்தமில்ல. ஹேண்ட் பிரேக்க இறக்காம ஓட்டியிருக்காங்க. லைனர் உரசிக்கிட்டே போய் எரிஞ்சிருச்சு. பிறகு கத்தாம என்ன செய்யும்? வேற யாராவது வண்டிய எடுக்கிறாங்களா? ஓட்டப் பழகுற ஆளுங்கதான் ஹேண்ட் பிரேக்க மறப்பாங்க.

விஜயகலா: பழகுறவங்களா... எங்க வீட்டுல யாரு...

மதுசன்: அக்கா, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

விஜயகலா: தகரக் கூரைக்குக் கீழ நிக்க வச்சுட்டு கேக்குறான் பாரு கேள்வி!

ராஜதுரை: பிடிபட்டது! கலா, நான் கடையில நிக்கிற நேரம் பாத்து, பின்னால கெடந்த வண்டிய நீதானே எடுத்த?

விஜயகலா: நானா?

ராஜதுரை: வேற யாரு? செவ்வாய்க்கிழமையானா துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடுறேன்னு கெளம்பிர்ற. பஸ்ஸுலதான் போறியா, இதுலதான் போறியா, யாரு கண்டா?

விஜயகலா: ...ஆமாங்க. நான்தான் எடுத்தேன்.

ராஜதுரை: ...நெசமாவா?

விஜயகலா: நீங்க சொன்னா நெசந்தான்.

மதுசன்: கள்ளன் அம்புட்டாச்சு, முதலாளி ஏன் இப்ப முழிக்கிறீங்க?

ராஜதுரை: குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. இனி அதைப்பற்றிப் பேச வேண்டியதில்லை. புது லைனரப் போட்டு மூடு.

மதுசன்: இருங்க, ஜாக்கி வச்சு முன்னாலயும் பாத்துருவோம்... அட, இது சரியில்லயே.

ராஜதுரை: அங்க சத்தமே இல்ல. மூடு!

மதுசன்: அதானே கேள்வி. முன் பிரேக் பேடும் பின் லைனரும் ஒரே நாள்ல போட்டது. பின்னால கரிஞ்சு கெடக்கு, முன்னால இப்பதான் பெட்டியில இருந்து எடுத்த மாதிரி இருக்கு. பழகுறவங்க பயத்துல மிதி மிதின்னு மிதிப்பாங்க. முன் பேடுதான் முதல்ல தேயும். இங்க யாரும் பிரேக்க மிதிக்கவே இல்ல.

ராஜதுரை: மிதிக்காம எப்படிடா வண்டி நிக்கும்?

மதுசன்: ஹேண்ட் பிரேக்க இழுத்தா நிக்கும். அது பின் சக்கரத்த மட்டுந்தான் பிடிக்கும். மறந்து போய் ஓட்டல, முதலாளி. வளைவுக்கு வளைவு அத இழுத்துத்தான் வண்டிய நிப்பாட்டியிருக்காங்க.

ராஜதுரை: அது... நான் கொழுந்து லொறி ஓட்டின காலத்துப் பழக்கம். பள்ளத்துல கையும் சேரணும்...

மதுசன்: அப்ப நீங்களா இழுத்தது? அக்கா, நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?

விஜயகலா: அவரு கோயில் தலைவரு. நான் வெறும் விளக்கு போடுறவதானே. பழி யாரு தோள்ல ஏறினா பாரமில்லன்னு பாத்தேன்.

மதுசன்: முதலாளி, சீட்டுல ஏறுங்க. சக்கரத்த நான் கையால சுத்துறேன், நீங்க பிரேக்க மிதிங்க.

ராஜதுரை: எதுக்கு?

மதுசன்: பெடல் பழுதுன்னா நாளைக்குக் கைப்பிள்ளைய இதுல ஏத்த விடமாட்டேன்... ஏறியாச்சா? மிதிங்க.

ராஜதுரை: மிதிச்சாச்சு.

மதுசன்: இல்ல, சக்கரம் சுத்துது. நல்லா மிதிங்க.

ராஜதுரை: மிதிச்சிட்டுத்தான்டா இருக்கேன்!

மதுசன்: இன்னும் சுத்துதே...

ராஜதுரை: அடிமட்டம் வரைக்கும் அமுக்கியாச்சு! உன் பெடல்தான் பழுது!

விஜயகலா: ஏங்க...

ராஜதுரை: நீ பேசாத.

விஜயகலா: ஏங்க, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. உங்க கால் பிரேக்குல இல்ல. எக்ஸலேட்டர்ல இருக்கு.

ராஜதுரை: செருப்பு வழுக்கியிருக்கும்.

விஜயகலா: செருப்பே கால்ல இல்ல. ஏறும்போதே கதவுக்கு வெளிய கழண்டு விழுந்திருச்சு.

ராஜதுரை: ...எப்ப இருந்து தெரியும் உனக்கு?

விஜயகலா: தீமிதி அன்னைக்கே. ஊரே உங்கள கையெடுத்துக் கும்பிட்டுச்சு. வீட்டுல கொப்புளத்த உடைச்சு மருந்து போட்டது நான். நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. வலிக்குதான்னு கேட்டேன், மருந்து போட்டாச்சான்னு கேட்டீங்க.

மதுசன்: சீனி வியாதியா, முதலாளி?

ராஜதுரை: கால்ல உணர்ச்சி குறையும்னு டொக்டர் அப்பவே சொன்னாரு. நான்தான்... கை இருக்கே, கையால சமாளிச்சிரலாம்னு... வெளிய தெரிஞ்சா அந்தத் தீமிதி என்னாகும்? தலைவர் பதவி என்னாகும்?

மதுசன்: என் வாயில இருந்து வராது. ஆனா சாவிய இனி உங்க கையில குடுக்க மாட்டேன்.

ராஜதுரை: அப்ப பேத்திய யாருடா கூட்டிட்டு வர்றது? வேன் பிடிக்க மாட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே.

விஜயகலா: உங்க வண்டியிலதான் வருவா. மதுசன், லைனரப் போட்டுட்டு சாவிய என்கிட்ட குடு.

ராஜதுரை: உன்கிட்டயா? நீ வண்டிய எடுக்கவே இல்லன்னு இப்பதானே ஆச்சு?

விஜயகலா: உங்க வண்டிய எடுக்கல. கொப்புளம் ஆறின வாரத்துல இருந்து நான் துர்க்கைக்கு ஒரு விளக்கும் போடலங்க... செவ்வாய்க்கிழமையெல்லாம் ஓட்டப் பழக்குற லேர்னர்ஸ் கார்லதான் இருந்தேன். லைசன் கைப்பையில, விளக்குத் திரிக்கட்டுக்குள்ள இருக்கு. நாளைக்கு நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து சாமி கும்புடுங்க.