மஃரிப் நேரத்துப் பதினேழு நிமிடங்கள்

நோன்பின் களைப்பை முகத்தில் காட்டாமல் இந்த அவைக்குத் தலைமை தாங்கி நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஜோஃபா மலை நலச்சங்கத் தலைவர் ஹாஜி மித்ஹத் அவர்களே! முன்வரிசையை முதுமையால் அல்ல, முதிர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியவர்களே! அடுப்பில் பருப்பு சூப்பை வைத்துவிட்டு, மனத்தைப் பாதி அங்கும் பாதி இங்குமாக வைத்து வந்திருக்கும் தாய்மார்களே! இந்த அம்மான் நகரத்தின் படிக்கட்டுகளில் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்த தோழர்களே! கைபேசியை இன்னும் கீழே வைக்க மனம் வராத இளைஞர்களே! உங்கள் அனைவர்மீதும் அமைதி நிலவட்டும்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்துவிட்டது. நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பேசுகிறவனுக்கும் தொண்டை வறண்டிருக்கிறது, கேட்கிறவர்களுக்கும் வறண்டிருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்க மாட்டேன். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த அபூ ஷாஹிர் சுருக்கமாகப் பேசி இந்த மலையில் யாரும் பார்த்ததில்லை, எனக்கும் தெரியும்.

நான் பேச வந்தது ஒரு மனிதரின் வேலையைப் பற்றி. அவர் பெயர் உபைதா. காலையில் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மாலையில் மோட்டார் சைக்கிளில் நம் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். சென்ற வாரம், நாம் கைபேசியில் சாப்பாடு வரவழைக்கும் அந்தச் செயலியின் நிறுவனம் அவருடைய ஓட்டுநர் கணக்கை முடக்கிவிட்டது. காரணம், நான்கு வீட்டார் கொடுத்த புகார். அந்த நால்வரும் வியாழக்கிழமைக்குள் புகாரைத் திரும்பப் பெற்றால் அவருக்கு வேலை உண்டு. பெறாவிட்டால் இல்லை. இன்று செவ்வாய். அந்த நான்கு வீட்டாரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். நான் யாரையும் நோக்கி விரல் நீட்டப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி சமீஹா, ரமளானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தேநீர் போடத் தெரியும். அதையும் அவள் குடிப்பதில்லை. இர்பித் ஊரில் இருக்கும் என் மகள் வந்து, என் கைபேசியில் அந்தச் செயலியை ஏற்றி, "வாப்பா, இங்க அழுத்துங்க, சோறு வந்துடும்" என்றாள். அழுத்தினேன், வந்தது! எதற்கு மறைக்க வேண்டும்? ரமளானில் பன்னிரண்டு நாட்கள் நான் அதில்தான் நோன்பு திறந்தேன். படுத்த படுக்கையாக இருந்தவளுக்குச் சூடான சோறு கிடைத்தது. இந்த வசதியைப் பழிப்பவன் நானாக இருந்தால் அதைவிட நன்றிகெட்டதனம் வேறு இல்லை.

பதின்மூன்றாம் நாள், நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன்னால், நம் அபூ ரக்கான் சமையல்கூடத்தில் சொன்ன மக்லூபா கறிச்சோறு வர வேண்டும். செயலியின் வரைபடத்தில் அந்தக் கடைக்கும் என் வீட்டுக்கும் இடையே ஒரு விரற்கடை தூரம்தான். நடுவில் நிற்கும் நூற்று முப்பத்திரண்டு படிகளை வரைபடம் அறியாது. உபைதா வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, முதுகில் பெரிய பையோடு ஏறி வந்தார். கதவைத் திறக்கிறேன், மூச்சு வாங்குகிறது, உதடு வெடித்திருக்கிறது. பொட்டலத்தை நீட்டுகிறார். அந்த நொடியில் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது.

"இந்தாங்க சாச்சா, சூடா இருக்கு. நான் கிளம்புறேன்."

"எங்கே கிளம்புறே? உள்ளே வா."

"ஒரு பேரீச்சம்பழம் மட்டும் கையில குடுங்க. இறங்கிக்கிட்டே தின்னுக்குறேன்."

"என் வாசல்ல ஒரு நோன்பாளி நின்னுக்கிட்டே நோன்பு திறக்கிறதா? அல்லாஹ்மேல ஆணையா, நீ உட்கார்ந்து சாப்பிடாம இந்தப் படியில கால் வைக்கக் கூடாது!"

உள்ளே கட்டிலிலிருந்து சமீஹா குரல் கொடுத்தாள்: "சத்தியம் பண்ணிட்டாரா? அப்ப உட்கார்ந்துடுங்க தம்பி. இனிமே அந்த மனுஷன் கதவை விட்டு நகர மாட்டார்."

உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு முதியவன் ஆணையிட்டுத் தடுத்த பிறகு மீறிப் போகிற மனிதன் நம்மிடையே உண்டா? உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சூப் குடித்தார். நான் அள்ளி வைக்க வைக்கச் சோறு தின்றார். எழுந்தபோது என் தோளில் முத்தமிட்டுவிட்டு ஓடினார்.

எவ்வளவு நேரம் இருந்தார்? நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போது கடிகாரம் பார்க்கிறவன் மனிதனா? ஆனால் ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்தது செயலி என்ற இயந்திரம். பதினேழு நிமிடங்கள்! "ஓட்டுநர் பதினேழு நிமிடங்கள் காரணமின்றி நின்றிருந்தார்" என்று எழுதியிருக்கிறது. காரணமின்றி! பதினாலு மணி நேரம் தண்ணீர் படாத தொண்டை காரணம் இல்லையா? பள்ளிவாசல் பாங்கு காரணம் இல்லையா? முன்னால் வைத்த சோறு காரணம் இல்லையா? முப்பது இலட்சம் பேர் ஒரே நொடியில் வாயைத் திறக்கும் ஊரில், சோற்றைச் சுமந்து வந்தவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஓட வேண்டுமா?

ஒன்பது கடிதங்கள் எழுதினேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், நான் வேலை பார்த்த கேஸ் வண்டியில் கிடந்த பழைய செய்தித்தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றவன், இந்தக் கையால் ஒன்பது கடிதங்கள் எழுதினேன். ஒன்பதுக்கும் ஒரே பதில் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது." பத்தாவதாக நானே போனேன். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். காவலாளி, "ஹாஜியாரே, வயசான காலத்துல எதுக்கு இந்த வேலை, வீட்டுக்குப் போங்க" என்றார். "வயசாயிடுச்சுன்னுதான் வேற வேலை இல்லாம நிக்கிறேன்" என்றேன். கடைசியில் ஒரு பெண் வந்து, நான் முதலில் சொன்ன அந்த வியாழக்கிழமை நிபந்தனையை எழுதிக் கொடுத்தாள்.

இப்போது கேட்கிறேன். இந்த வசதி அதன் விலைக்குத் தகுமா?

முப்பத்தொரு ஆண்டுகள் இந்த மலைக்கு நான் கேஸ் சிலிண்டர் சுமந்தேன். உங்கள் மூன்றாம் மாடிக்கு நீங்களா தூக்கிப் போனீர்கள்? நான் தூக்கினேன். வசதி என்பது நேற்றுப் பிறந்த பிள்ளை அல்ல. ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் ஏறுவதற்குத்தான் எப்போதும் அந்தப் பெயர். ஆனால் ஒரு வேறுபாடு. நான் தாமதமாக வந்தால் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் உம்மு கஸ்ஸான் மாடியிலிருந்து கத்துவார்: "ஏ அபூ ஷாஹிர், கேஸைக் கொண்டு வரச் சொன்னா கிணறு வெட்டவா போனே?" நானும் கத்துவேன்: "உங்க வீட்டுப் படியை எண்ணிக்கிட்டே வந்தேன், மறந்து போச்சு, மறுபடியும் கீழ போய் எண்ணினேன்!" பிறகு காபி வரும். கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. இன்று கோபம் வந்தால் என்ன செய்கிறோம்? செயலியில் ஒரே ஒரு நட்சத்திரம் அழுத்துகிறோம். அழுத்திய விரலுக்கு வலிக்கவில்லை. வலி எங்கே போய் இறங்கியது என்று தெரியவும் இல்லை. கொண்டுவந்த கூலி ஒன்றரை தினார் கொடுத்தோம், விலை தீர்ந்தது என்கிறோம். தீரவில்லை ஐயா, தீரவில்லை! மீதியை உபைதா கொடுக்கிறார். தன் மூச்சால் கொடுக்கிறார், தன் முழங்காலால் கொடுக்கிறார், மூன்று பெண் குழந்தைகளோடு அமர்ந்து நோன்பு திறக்கும் அந்த ஒரு நொடியால் கொடுக்கிறார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மஃரிபுக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் நம் தெருவின் சமையல்கூடங்கள் செயலியை மூட வேண்டும். பாங்குக்கு அரை மணி நேரம் கழித்துத் திறக்கட்டும். வேண்டியவர்கள் முன்பே சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

என்ன, அபூ ரக்கான்? சத்தமாகச் சொல்லுங்கள். "அந்த நேரத்தை மூடிட்டா நான் எதை விக்கிறது, உன் கடிதத்தையா?" என்கிறார்! நல்ல கேள்வி. நீங்கள்தானே ஒரு நாள் என்னிடம் அழுதீர்கள், தட்டுக்கு நாலில் ஒரு பங்கு செயலிக்குக் கமிஷன் போகிறது, அதனால் மக்லூபாவில் கறியைக் குறைத்துவிட்டேன் என்று? அஸருக்கே வந்து நேரில் வாங்குகிறவனிடம் அந்தக் கமிஷன் இல்லை. கறியைப் பழையபடி போடுங்கள், வரிசை பள்ளிவாசல்வரை நிற்கும். சிரிக்கிறார். சிரிப்பைச் சம்மதமாக எழுதிக்கொள்ளுங்கள், தலைவர் அவர்களே!

இருங்கள். உம்மு கஸ்ஸான் எழுந்திருக்கிறார். பேசட்டும், யாரும் அடக்காதீர்கள்.

"நீ நல்லாத்தான் பேசுறே, அபூ ஷாஹிர். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அன்னைக்குச் சாப்பாடு வர முக்கால் மணி நேரம். வெறும் ரொட்டியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கை நடுங்குன நடுக்கத்தை நீ பார்த்தியா? ஒன்னே ஒன்னு கேக்கிறேன். பையில எங்க சாப்பாடு இருக்குன்னு அந்த மனுஷன் உன்கிட்ட சொல்லலையா?"



தலைவர் அவர்களே, இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

சொன்னார்.

உபைதா ஒரு முறை அல்ல, மூன்று முறை சொன்னார். "சாச்சா, பையில இன்னும் நாலு வீட்டுச் சாப்பாடு இருக்கு" என்று வாசலில் சொன்னார். உட்காரும்போது சொன்னார். சோற்றை அள்ளும்போது சொன்னார். நான் மூன்று முறையும் "அதெல்லாம் பொறுத்துக்குவாங்க" என்றேன். உங்கள் சார்பாக, உங்களைக் கேட்காமல், பொறுத்துக்கொள்ள நான் ஒப்புக்கொண்டேன். ஒன்பது கடிதங்களிலும் இந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. இந்த மேடையிலும் சொல்லாமலே இறங்கிவிட எண்ணியிருந்தேன்.

ஆணையை முறித்திருந்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுப் பரிகாரம் செய்திருக்கலாம். முறிக்காமல் நான்கு வீட்டைக் காக்க வைத்தேன். உம்மு கஸ்ஸான் வீட்டுக்காரர் கையை நடுங்க வைத்தேன். என் விருந்தோம்பலின் விலையை அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தேன். நிறுவனம் செய்ததாக நான் சொன்னேனே, அதே வேலை! உபைதாவை உட்கார வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்னைக் கொன்றாலும் கேட்க மாட்டேன். ஆனால் பையில் இருந்தது உங்கள் சோறு என்று தெரிந்தும் கதவை மறித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உம்மு கஸ்ஸான், மன்னியுங்கள். தவறு அவருடையது அல்ல. அவர் எழுந்தார், நான் அமர்த்தினேன். புகாரை என்மேல் எழுதுங்கள். எனக்கு முடக்குவதற்கு வேலை இல்லை.

என்ன சொல்கிறீர்கள்? "இதை அன்னைக்கே என் வாசல்ல வந்து சொல்லியிருந்தா, திட்டிட்டுக் காபி குடுத்திருப்பேன்" என்கிறார். "புகாரை எடுக்க எங்க அழுத்தணும், யாராவது காட்டுங்க" என்கிறார்! இளைஞர்களே, கைபேசியைக் கீழே வைக்காமல் இருந்தீர்களே, எழுந்து போய்க் காட்டுங்கள்! அதோ இரண்டாவது வீட்டாரும் புகாரை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதும் ஆயிற்று.

நான்காவது வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அதை இந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்குப் பயந்து நீங்கள் விட வேண்டாம். நாளை காலை உங்கள் வாசலுக்கு நான் தனியாக வருகிறேன். நீங்கள் திட்டி முடிக்கும்வரை நிற்கிறேன். மறுத்தால் புதன் மாலையும் வருகிறேன். அப்போதும் மறுத்தால் வியாழன் காலையும் வருகிறேன். நான் எப்படிப்பட்ட பிடிவாதக்காரன் என்று உங்களுக்குத் தெரியும்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. குறுக்கே கேட்ட தாய்க்கு அதைவிடப் பெரிய நன்றி. அடுப்பில் வைத்தது பொங்கிவிடும், கிளம்புங்கள். இன்று உங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிறவரிடம் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். உங்கள் நோன்பு ஏற்கப்படட்டும். வணக்கத்தோடும் வாழ்த்தோடும் இறங்குகிறேன்.