சாட்டில் கிடைத்த சிநேகிதி

காலை நேரம். பசுமலை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் சர்ட்டிபிகேட் ஃபைல் இருந்தது.

"நீங்க ஆம்பளையா இருப்பீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்," என்றாள் ஃபைல் வைத்திருந்தவள்.

மற்றவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ரெண்டு வருசமா சாட்ல சீரியல் கதை பேசுறோம். எந்த ஆம்பளைக்குங்க அம்புட்டுப் பொறுமை?"

"இன்டர்வியூவுக்குப் போகலைன்னு நேத்து டைப் பண்ணேன். அதுக்காகப் பரவையிலருந்து கிளம்பி வருவீங்கன்னு நினைக்கல."

"வராட்டி நீங்க பாதி வழியில திரும்பியிருப்பீங்க."

"பாடம் நடத்தி எட்டு வருசமாச்சு. பிள்ளைங்க முன்னாடி நின்னா பேச்சே வராதுங்க."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான் எட்டாப்போட பள்ளிக்கூடம் நின்னவ. ஒவ்வொரு எழுத்தா நாலு நாள் சொன்னீங்க. ஒருக்கா கூடச் சலிச்சுக்கல."

ஃபைல் வைத்திருந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பசுமலை வந்துவிட்டதாகக் கண்டக்டர் குரல் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஸ்கூல் கேட்டு பக்கத்துலயே நிக்கிறேன். எம்புட்டு நேரமானாலும் சரி," என்று அவள் கையைப் பிடித்தாள் பரவைக்காரி.

"இன்னும் உங்க நெசப் பேரு கூட எனக்குத் தெரியாதே!"

"முதல்ல இறங்குங்க. கீழ வந்து சொல்றேன்."

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள்தான் முதலில் இறங்கினாள்.